பெயரறியா வன்பொருளை எண்ணால் அறிதல்

மடிக்கணினியொன்றில் லினக்ஸ் முதலிய யுனிக்ஸ்வழிப் பணிசெயல் முறைமையை நிறுவிய பின், திரை ஒளிரும், விசைப்பலகை இயங்கும், கம்பியில்லா இணைப்பு மட்டும் தோன்றாதொழிதல் உண்டு. இந்நிலையிற் சிலர் கணினியே பழுதென முடிவுசெய்து அதனை ஒதுக்கிவிடுகின்றனர். உள்ளிருப்பது இன்ன பொருளென அறியாமையே இதற்குக் காரணம். அதனை அறியும் முறையை மாணவர் பொருட்டு இங்கே சுருங்கக் கூறுவாம்.

முதற்கண், மேலே பொறித்த பெயரை மட்டும் நம்புதல் தகாது. ரீபி-லிங்க் நிறுவனத்தின் ரீஎல்-டபிள்யூஎன்722என் என்னும் யூஎஸ்பி இணைப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் முதற் பதிப்பில் உள்ளது அதெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 என்னுஞ் சில்லு. இரண்டாம் பதிப்பில் உள்ளதோ ரியல்ரெக் நிறுவனத்தின் சில்லு. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அவற்றுக்கு வேண்டிய இயக்கி மென்பொருளும் வெவ்வேறு. நிகண்டிலே ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி கற்ற நமக்கு இது புதுமையன்று.

இம்மயக்கத்தைத் தீர்ப்பது எண். இத்தகைய வன்பொருள் ஒவ்வொன்றும் நிறுவன எண், பொருளெண் என இரண்டினைத் தன்னகத்தே கொண்டுள்ளது. ஒவ்வோர் எண்ணும் பதினறும முறையில் நான்கு இலக்கமுடையது. ஆதலின் இலக்கங்களிடையே ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களும் வரும். இன்ரெல் நிறுவனத்தின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவேயாதலின் மனத்திற் கொள்ளல் எளிது. 8086:4222 எனக் கண்டால், அது இன்ரெலின் 3945ஏபிஜி என்னுங் கம்பியில்லா அட்டையெனத் துணியலாம். முற்கூறிய யூஎஸ்பி இணைப்பியின் முதற் பதிப்பு 0சிஎஃப்3:9271, இரண்டாவது 2357:010சி. இங்கே 2357 என்பது சில்லைச் செய்த ரியல்ரெக்கின் எண்ணன்று. இணைப்பியை விற்ற ரீபி-லிங்கின் எண். ஆகவே ஈரெண்ணையுஞ் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இனி, எண்ணைக் காணும் வழி. லினக்ஸில், கணினியின் உள்ளே பொருத்திய அட்டையாயின் எல்எஸ்பிசிஐ என்னுங் கட்டளையை -என்என்கே என்னும் குறியுடன் இடுக. யூஎஸ்பி வழி இணைந்ததாயின் எல்எஸ்யூஎஸ்பி என இடுக. ஃபிரீபிஎஸ்டியில் பிசிஐகொன்ஃப் -எல்வி என்பது முன்னையதற்கு நிகரானது. இக்கட்டளைகள் எண்ணை வன்பொருளிடமிருந்தும், பெயரைக் கணினியிலுள்ள ஒரு பட்டியலிலிருந்தும் பெறுவன. பட்டியல் பழையதாயின் புதுப் பொருளுக்குப் பெயர் தோன்றாது. எண் மட்டுந் தோன்றும். அவ்வெண்ணே தேடுதற்குப் போதிய சான்று.

எல்எஸ்பிசிஐ தரும் விடையில், பயன்பாட்டிலுள்ள இயக்கியைக் கூறும் வரி உளதா என்பதை அடுத்து நோக்குக. இல்லையேல், அவ்வெண்ணுக்குரிய இயக்கியைத் தேடிச் சேர்த்தல் வேண்டும். வரி இருந்தும் இணைப்பு வரவில்லையாயின், டிமெசெக் என்னுங் கட்டளையாற் கருவின் செய்திகளைப் படிக்க. நிலைப்பொருட் கோப்பு கிடைக்கவில்லையென்னுஞ் செய்தி அங்கே காணப்படலாம். அதுவுமில்லையேல், ஆர்எஃப்கில் லிஸ்ட் என இட்டு, கம்பியில்லா ஆளி அடைபட்டுள்ளதா எனப் பார்க்க. அட்டை எவ்விடத்துந் தோன்றாதாயின், அது தளர்ந்திருத்தலோ, பயோஸில் நிறுத்தப்பட்டிருத்தலோ கூடும்.

எண்ணை அறியாது கண்ட மென்பொருளையெல்லாம் நிறுவுதல், நோயறியாது மருந்துண்பதை ஒக்கும். நல்ல நிலையிலுள்ளதும் அதனாற் கெடலாம். எண்ணை அறிந்தவர்க்கோ தேடவேண்டியது இன்னதெனத் தெளிவாகும். பழையதெனக் கழிக்கவிருந்த கணினி ஏழை மாணவனொருவனுக்குப் பின்னும் பல்லாண்டு துணைநிற்கும். ஆதலின், பொருளை வீசுமுன் அதன் எண்ணைப் படித்தறிதல் நங் கடனாகும்.