ஊரிகத் தங்கமும் எக்ஸ் கதிர்ச் சோதனையும்

கோலார் தங்கவயலின் ஒரு பகுதியாகிய ஊரிகம், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுரங்கத் தொழிலால் வாழ்ந்த ஊர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இவ்வயலில் நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கினர். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் டெய்லர் நிறுவனத்தார் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்குப் பொன் அகழப்பட்டது என்பதற்குப் பழங்குழிகள் சான்றாக இருந்தன.

அப்பொன் எங்கெல்லாம் சென்றது? ஜான் மார்ஷல் பதிப்பித்து 1931-இல் வெளிவந்த மொகஞ்சதாரோ அறிக்கையில், அங்குக் கிடைத்த பொன்னணிகளில் வெள்ளி கலந்திருப்பதைக் கொண்டு, அப்பொன் கோலார்ப் பகுதியிலிருந்து சென்றிருக்கலாம் என்ற கருத்து கூறப்பட்டது. இத்தகைய கருத்தைச் சோதிக்க எக்ஸ் கதிர்கள் எந்த அளவுக்கு உதவும் என்பதை இங்குக் காண்போம்.

சோதனை நிகழும் விதம்

ஒரு பொருளின் மீது எக்ஸ் கதிர் பாயும்போது, அதன் அணுக்களின் உட்கூட்டிலுள்ள எலக்ட்ரான் வெளியேற்றப்படுகிறது. அவ்விடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் நிரப்புகையில், அந்தத் தனிமத்திற்கே உரிய ஆற்றலுடன் புதிய எக்ஸ் கதிர் ஒன்று வெளிப்படுகிறது. செம்புக்கு இது ஏறத்தாழ 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கத்திற்கு 9.7, வெள்ளிக்கு 22. இக்கதிர்களின் ஆற்றலால் தனிமத்தின் பெயரையும், செறிவால் அதன் அளவையும் அறியலாம்.

பழைய புடமுறையில் பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். எக்ஸ் கதிர் முறையிலோ பொருளுக்குச் சேதமில்லை. தொல்பொருளுக்கு இது பெரும் நன்மை.

இரண்டு எல்லைகள்

எனினும், பொன்னில் இக்கதிர்கள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஆழத்திற்குட்பட்ட செய்தியையே தருகின்றன. மண்ணில் நெடுங்காலம் புதைந்த அணியின் மேற்பரப்பிலிருந்து வெள்ளியும் செம்பும் கரைந்து போயிருக்கக்கூடும். அப்போது கருவி காட்டும் மாற்று, அணியின் உண்மையான மாற்றைவிட உயர்ந்து தோன்றும். முலாம் பூசிய பொருளிலும் இதே ஏமாற்றம் நேரும். நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையிடும் மையங்களில் முதற்சோதனை இக்கருவியால் நடைபெற்றாலும், புடமுறையே முடிவான சோதனையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது எல்லை இதனினும் முக்கியமானது. கலவையை அறிவது வேறு. பிறப்பிடத்தை அறிவது வேறு. வெள்ளி கலந்த இயற்கைப் பொன் உலகின் பல இடங்களில் கிடைக்கிறது. பொற்கொல்லர் பழைய நகைகளை உருக்கிச் சேர்த்திருக்கலாம். வெள்ளியைத் தாமே கலந்துமிருக்கலாம். ஆகவே வெள்ளியின் அளவு ஒன்றை மட்டும் கொண்டு மொகஞ்சதாரோப் பொன்னைக் கோலாருக்கு உரியதெனத் தீர்மானித்தல் இயலாது.

கழிவு மேடுகள்

இவ்வெச்சரிக்கை பழம்பொருளோடு நின்றுவிடுவதன்று. பொன் பிரித்தபின் எஞ்சிய மண், சயனைடு மேடுகளாகத் தங்கவயலில் குவிந்து கிடக்கிறது. அதில் எஞ்சியுள்ள பொன்னை மீட்பது இலாபந்தருமா என்பது பொருளாதார வினா. ஒரு டன் மண்ணில் ஒரு கிராம் பொன் என்றால், அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கையடக்க எக்ஸ் கதிர்க் கருவி அவ்வளவு நுண்ணிய அளவை நம்பத்தக்க முறையில் காட்டுவது அரிது. மேட்டின் பல ஆழங்களில் மாதிரி எடுத்துப் புடமிட்டுப் பார்ப்பதே முறை.

எனவே ஆய்வறிக்கையைப் பெறும் அலுவலர், விழுக்காட்டைப் படிக்குமுன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்: எந்த இடத்தில் அளந்தனர்? எவ்வளவு ஆழம் அளந்தனர்? வேறொரு முறையால் சரிபார்த்தனரா? இவற்றிற்கு விடையில்லாத எண்ணை நம்பிப் பொதுப்பணத்தைச் செலவிடுவதும் வரலாற்றை எழுதுவதும் ஒரே வகையான பிழையாகும்.