நூறு வயதைக் கடந்த சிறு நிலையம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஜப்பான் என்றவுடன் அம்பு போலப் பாயும் அதிவேக ரயில்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதே நாட்டில், ஓரிரு பெட்டிகள் மட்டுமே கொண்ட வண்டிகள் மெல்ல வந்து நின்று செல்லும் சின்னஞ்சிறு நிலையங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றே கரெய்காவா.

இருப்பிடமும் தோற்றமும்

ஜப்பானின் தெற்கில் உள்ள பெரிய தீவு கியூஷு. அதன் தென்பகுதியில் ககோஷிமா மாவட்டத்தில், கிரிஷிமா நகரைச் சேர்ந்த மலைப்பாங்கான ஊரில் இந்நிலையம் இருக்கிறது. 1903ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் இது திறக்கப்பட்டது. மரச்சுவர்களும் ஓட்டுக்கூரையும் கொண்ட அன்றைய கட்டடமே இன்றும் நிற்கிறது.

உயர்வும் தாழ்வும்

அக்காலத்தில் கடலோரமாகப் பாதை அமைத்தால் பகைவரின் போர்க்கப்பல்கள் தாக்கக்கூடும் என்று ராணுவத்தினர் அஞ்சினர். ஆகவே மலைகளைக் குடைந்து உள்நாட்டு வழியே தண்டவாளம் போடப்பட்டது. 1909இல் பணி முடிந்ததும், வடக்கே மோஜி துறைமுகத்திலிருந்து ககோஷிமா வரை செல்லும் முதன்மைப் பாதை இதுவே ஆயிற்று.

இந்தப் பெருமை 18 ஆண்டுகளே நீடித்தது. 1927இல் ஏற்றமில்லாத கடலோரப் பாதை திறக்கப்பட்டது. விரைவு வண்டிகள் அங்கே சென்றுவிட்டன. பழைய பாதை ‘ஹிசாட்சு’ என்னும் கிளைப் பாதையாகச் சுருங்கியது. பயணிகள் குறைந்தனர், பிற்காலத்தில் கரெய்காவாவில் நிலைய ஊழியரும் இல்லாமற்போயினர்.

ஊரார் காத்த செல்வம்

ஆளில்லாத கட்டடம் விரைவில் பாழாகிவிடும் அல்லவா? ஆனால் ஊர்மக்கள் அதைக் கைவிடவில்லை. தாங்களே கூட்டித் துடைத்துப் பேணினர். 2003இல் அதன் நூற்றாண்டைக் கொண்டாடினர். மறு ஆண்டு மார்ச் மாதம் ‘ஹயாதோ நோ கசே’ என்னும் சுற்றுலா ரயில் இங்கு நிற்கத் தொடங்கியது. 2006இல் அரசு இந்நிலையத்தைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. அந்தச் சுற்றுலா ரயில் 2022இல் நிறுத்தப்பட்டபோதிலும் சாதாரண வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய உணவுப் பொட்டலமும் புகழ்பெற்றது. மூங்கில் மடலால் செய்த பெட்டியில் காளான் சேர்த்த சோறும், சர்க்கரைவள்ளிக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்த ‘கானே’யும் இருக்கும். ‘கானே’ என்றால் அவ்வூர் வழக்கில் நண்டு. பொரித்த துண்டு நண்டைப் போலத் தோன்றுவதால் அப்பெயர்!

தூண் சொல்லும் பாடம்

இதே பாதையில், இதே நாளில் திறக்கப்பட்ட மற்றொரு நிலையம் ஓசுமி-யோகோகாவா. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து சுடப்பட்ட குண்டு துளைத்த வடு, அதன் நடைமேடைத் தூணில் இன்றும் உள்ளது. அத்தூணை மாற்றிப் புதிது நட்டிருக்கலாம். ஆனால் போரின் கொடுமையைப் புத்தகம் விளக்குவதைவிட அந்தச் சிறு துளை தெளிவாக விளக்குகிறது.

முடிவுரை

அன்புத் தோழிகளே! கரெய்காவாவில் அரண்மனையுமில்லை, கோபுரமுமில்லை. ஏழை எளியோர் ஏறி இறங்கிய மரக்கட்டடமே அங்கு வரலாறாகிவிட்டது. பழையது என்று ஒன்றை இடிப்பதற்கு ஒரு நாள் போதும். நூறாண்டு காப்பதற்கோ நாள்தோறும் ஒருவர் துடைப்பத்தைக் கையில் எடுக்கவேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போமாக!