டெலிவரி தேதி தப்பாம இருக்க... அக்காவின் 6 டிப்ஸ்!

தங்கைகளே, தையல் கடையோ அச்சகமோ, பில்லில் நாம எழுதிக் கொடுக்கிற டெலிவரி தேதி வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற வாக்கு. அதை மனக்கணக்கா சொல்லாதீங்க. எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் ரெண்டுமே உங்க லீவு நாளை எல்லாம் கழிச்சு, சரியான தேதியைச் சொல்லிடும்.

1. ஃபார்முலா: வெறும் ‘வொர்க்டே’ போட்டா சனி, ஞாயிறு ரெண்டையும் லீவா எடுத்துக்கும். சனிக்கிழமையும் கடை திறக்கிற நமக்கு அது ஒத்துவராது. ‘வொர்க்டே’ பக்கத்துல ஒரு புள்ளி வச்சு, ஐ, என், டி, எல் என்ற நாலு ஆங்கில எழுத்தைச் சேருங்க. அடைப்புக்குறிக்குள்ள ஆர்டர் தேதி, வேலை நாட்கள், வார லீவு எண், பண்டிகை லீவு பட்டியல்னு இதே வரிசையில் கமா போட்டுக் கொடுங்க.

2. வார லீவு எண்: ஞாயிறு மட்டும்னா 11. வெள்ளி மட்டும்னா 16. வெள்ளி, சனினா 7. செவ்வாயும் ஞாயிறும் லீவுனா "0100001"னு மேற்கோள் குறியோட போடுங்க. திங்கள்ல தொடங்கி ஏழு நாள். 0 வேலை, 1 லீவு.

3. பண்டிகை பட்டியல்: தனி ஷீட்ல தேதிகளை வரிசையா எழுதி, ஃபார்முலாவுல அந்த இடத்தை டாலர் குறி போட்டுப் பூட்டுங்க. இல்லைனா ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பட்டியலும் நகர்ந்துடும்.

4. சரிபார்க்க: 2026 ஜனவரி 12, திங்கள் ஆர்டர், 5 நாள் வேலை, ஞாயிறு லீவு, 15, 16, 17 பொங்கல் லீவு. விடை ஜனவரி 21 வரணும். ஆர்டர் எடுத்த நாள் கணக்குல சேராது.

5. பேங்க் வேலை: செக் தேதிக்கு இதே ஃபார்முலாவைப் போட்டா, பேங்குக்கு லீவான ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளையும் பட்டியல்ல சேருங்க. கெடு லீவு நாள்ல விழுந்தா அடுத்த வேலை நாள் வேணுமா? கெடு தேதியில 1 கழிச்சு, வேலை நாட்கள் இடத்துல 1 போடுங்க.

6. விடை 46043னு வந்தா: பயப்படாதீங்க, அது ஜனவரி 21தான். செல் ஃபார்மேட்டை ‘டேட்’னு மாத்துங்க. ஆர்டர் தேதி செல்லோட இடது பக்கம் ஒட்டி நின்னா, அது வெறும் எழுத்தா பதிவாகியிருக்கலாம். திரும்ப டைப் பண்ணுங்க.

தீபாவளியும் ரம்ஜானும் வருஷா வருஷம் தேதி மாறும். அதனால ஒவ்வொரு டிசம்பர்லயும் அடுத்த வருஷப் பட்டியலை மறக்காம நிரப்பிடுங்க.