நீர் எழுதிய கறை

1901ஆம் ஆண்டு பிரெடரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர், அமெரிக்க நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் மலையடி நகரில் தம் தொழிலைத் தொடங்கினார். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. தம்மை நாடி வந்தவர்களின் வாயை நோக்கியவர் திகைத்துப் போனார். பலருடைய பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்திட்டுகள் காணப்பட்டன. சிலருக்கோ காப்பிக் கறையை ஒத்த பழுப்பு நிறம் முன்பற்கள் முழுவதும் படர்ந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகவில்லை. அவர் கற்ற நூல்களில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊராரைக் கேட்டபோது ஆளுக்கொரு காரணம் கூறினர். பன்றியிறைச்சியை மிகுதியாக உண்பதால் வந்தது என்றனர் சிலர். தரமற்ற பாலால் வந்தது என்றனர் வேறு சிலர்.

உள்ளூர்ப் பல் மருத்துவர்கள் பலரும் இக்கறையைப் பொருட்படுத்தவில்லை. மெக்கேயால் அவ்வாறு விட்டுவிட இயலவில்லை. சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் தலைவராக விளங்கிய ஜி. வி. பிளாக் என்னும் அறிஞருக்கு அவர் எழுதினார். இத்தகைய குறைபாடு நூல்களில் இடம்பெறாமல் இருந்திருக்குமா எனப் பிளாக் முதலில் ஐயுற்றார். 1909இல் நேரில் வந்து கண்ட பின்னரே நம்பினார். அவ்வூரில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுள் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேரின் பற்களில் அத்திட்டுகள் இருந்தன.

இருவரும் ஆராய்ந்தபோது ஒரு செய்தி தெளிவாயிற்று. வளர்ந்த பின்னர் அவ்வூரில் வந்து குடியேறியவர்கள், அதே உணவை உண்டு அதே நீரைப் பருகிப் பல்லாண்டுகள் வாழ்ந்தாலும் அவர்கள் பற்களில் கறை ஏறவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கும், மிக இளம் வயதில் வந்தவர்களுக்குமே கறை இருந்தது.

இதன் காரணத்தை அறியப் பல் உருவாகும் முறையை அறிதல் வேண்டும். பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் கடினமான உறைக்குப் பற்சிப்பி என்று பெயர். மனித உடலின் உறுப்புகளுள் இதனினும் கடினமானது வேறில்லை. நிலைப்பற்கள் ஆறு வயதளவில் முளைக்கத் தொடங்குகின்றன. எனினும் அவற்றின் பற்சிப்பி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ எட்டு வயதிற்குள், கடைவாயின் இறுதிப் பற்களைத் தவிர்த்து, அப்பணி நிறைவுறுகிறது. எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். பற்சிப்பியோ ஒரு முறை உருவானபின் மீண்டும் வளர்வதில்லை. ஆதலால் அந்த எட்டு ஆண்டுகளில் உடலில் சேர்ந்த பொருளின் தடம், பல்லில் அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தப் பொருள் யாது? பிளாக் 1915இல் மறைந்தார். அதுவரையில் விடை கிட்டவில்லை. மெக்கே தனியே தேடலைத் தொடர்ந்தார். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூரிலிருந்து பெற்றோர் சிலர் அவரை அழைத்தனர். தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பின்னரே தம் குழந்தைகளின் பற்களில் கறை தோன்றியது என்று அவர்கள் உறுதியாகக் கூறினர். மெக்கே அந்நீரைச் சோதித்துப் பார்த்தார். ஐயத்திற்குரிய எதுவும் தென்படவில்லை. ஆயினும் அவர் தாய்மாரின் சொல்லைப் புறந்தள்ளாமல், வேறோர் ஊற்றுநீரைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். சில ஆண்டுகளில் அவ்வூர்ச் சிறுவர்களுக்குப் புதிதாக முளைத்த பற்கள் வெண்மையாக இருந்தன. ஆய்வுக்கூடம் காணாததை ஊரார் முன்னரே கண்டிருந்தனர்!

புதிர் அவிழ்ந்தது 1931இல். ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்னும் ஊர், ஓர் அலுமினிய நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்க்காக அமைந்தது. அங்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. அலுமினியத்தின்மீது பழி விழுமோ என்னும் கவலை நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் சர்ச்சிலுக்கு இருந்தது. அவர் நுண்ணிய ஒளிப்பகுப்பு முறையால் அவ்வூர் நீரைச் சோதித்தபோது அதில் புளோரைடு மிகுந்திருக்கக் கண்டார். தம் கண்ணையே நம்பாமல், வேறு நீரெடுத்துச் சோதிக்கச் செய்தார். இரண்டாம் முறையும் அதே விடை வந்தது.

அதே ஆண்டில், அவருடைய ஆய்வைச் சாராமலேயே, அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர் மார்கரெட் கேமக் ஸ்மித் தம் குழுவினருடன் இம்முடிவை எட்டினார். செயின்ட் டேவிட் என்னும் ஊரின் நீரைக் காய்ச்சிச் செறிவாக்கி அவர்கள் எலிகளுக்குக் கொடுத்தனர். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எனவே நீரின் விளைவை அவற்றில் விரைவில் காண இயலும். எலிகளின் பற்களிலும் திட்டுகள் தோன்றின. புளோரைடை மட்டும் தனியே கொடுத்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. நீரில் புளோரைடு இருக்கிறது என்று காட்டுவது ஒன்று. கறைக்கு அதுவே காரணம் என்று நிறுவுவது வேறொன்று. இரண்டாவதைச் செய்தது இப்பல்கலைக்கழக ஆய்வு. வரலாற்றில் சர்ச்சிலின் பெயர் பேசப்படும் அளவிற்கு ஸ்மித்தின் பெயர் பேசப்படுவதில்லை.

இக்கதைக்கு மற்றொரு முகமும் உண்டு. கறை படிந்த அப்பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைப் பிளாக்கும் மெக்கேயும் முன்னரே குறித்திருந்தனர். பற்சிப்பியின் படிகங்களில் சிறிதளவு புளோரைடு சேர்ந்தால், வாயில் உண்டாகும் அமிலம் அதனை எளிதில் கரைப்பதில்லை. டிரென்ட்லி டீன் என்னும் பல் மருத்துவ ஆய்வாளர் பல ஊர்களின் நீரையும் குழந்தைகளின் பற்களையும் ஒப்பிட்டார். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் புளோரைடு இருந்தால், கண்ணுக்கு உறுத்தும் கறை பெரும்பாலும் வருவதில்லை. சொத்தை குறைகிறது என்று அவர் கண்டார். 1945 சனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அந்த அளவிற்குப் புளோரைடைச் சேர்த்தது. ஏறத்தாழ 30,000 பள்ளிக் குழந்தைகளைப் பல்லாண்டுகள் கவனித்தனர். அதன்பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டிற்கும் மேலாகக் குறைந்தது. இன்று பற்பசைகள் பலவற்றில் புளோரைடு சேர்க்கப்படுவதன் வேர் இங்கே உள்ளது. சிறு குழந்தைகள் பற்பசையை விழுங்கலாகாது என்பதற்கும் காரணம் இதுவே.

இந்தியாவின் நிலை இதற்கு நேர் மாறானது. இங்கே பல பகுதிகளில் நீரிலிருந்து புளோரைடை நீக்க வேண்டியுள்ளது. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், ஷார்ட் முதலிய மருத்துவ ஆய்வாளர்கள் இந்நோயை விரிவாக விளக்கி எழுதினர். அங்கே கேடு பல்லோடு நிற்கவில்லை. முதுகெலும்பு விறைத்துக் குனிய இயலாதவர்களும், கழுத்தைத் திருப்ப இயலாதவர்களும் இருந்தனர். புளோரைடு மிகுந்த நீரை நெடுங்காலம் பருகினால் எலும்பிலும் மூட்டுகளிலும் அது படிந்துவிடுகிறது. கருங்கல் போன்ற பாறைகளிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைந்த இராசத்தான், ஆந்திரம், தெலங்கானா, குசராத் முதலிய மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் ஊர்கள் பலவற்றிலும் இத்துன்பம் உண்டு. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்கள் இதற்குப் பெயர்பெற்றவை.

இந்நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா? போதாது. காய்ச்சும்போது நீர் ஆவியாகும், புளோரைடு ஆவியாகாது. எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் எளிய வழியைக் கண்டது. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவிட்டால், அடியில் தங்கும் வண்டலோடு புளோரைடின் பெரும்பகுதியும் இறங்கிவிடுகிறது. தெலங்கானாவிலுள்ள நல்கொண்டாவின் பெயரால் அம்முறை வழங்குகிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புளி சேர்த்து உண்ட சிறுவர்களின் சிறுநீர்வழியே புளோரைடு கூடுதலாக வெளியேறியது தெரிந்தது. இதனால் புளிக்குழம்பை மருந்தென்று கொண்டுவிடலாகாது. நல்ல நீருக்கு அது ஈடாகாது. தருமபுரி, கிருட்டினகிரி மக்களுக்கு 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின்வழி காவிரி நீர் வழங்கப்படுகிறது.

நீர் மாறியது, ஆயினும் முன்னரே கறை படிந்த பற்கள் மாறவில்லை. தருமபுரிச் சிற்றூர் ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகி எட்டு வயது வரை வளர்ந்த அண்ணனும், குடும்பம் மும்பைக்குக் குடிபெயர்ந்தபின் பிறந்து ஏரிநீரைப் பருகி வளர்ந்த தங்கையும் ஒரே வீட்டில் உண்டு, ஒரே பற்பசையால் பல் துலக்கலாம். தங்கையின் பற்கள் வெண்மையாக இருக்கும். அண்ணனோ சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வான். பள்ளியில் பிறர் அவனைப் பல் துலக்காதவன் என்று எள்ளியிருக்கக்கூடும். அறிந்த பல் மருத்துவர் அவனைக் கண்டால், "நாள்தோறும் பல் துலக்குகிறாயா?" என்று கேட்பதற்கு முன், "சிறு வயதில் எந்த ஊரில் இருந்தாய்?" என்று கேட்பார்.

சொற்பொருள்

தீற்றுதல் – பூசுதல். ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல். வண்டல் – நீரடியில் தங்கும் படிவு. எள்ளுதல் – இகழ்ந்து சிரித்தல்.

வினாக்கள்

1. வளர்ந்தபின் குடியேறியவர்களின் பற்களில் கறை ஏறாதது ஏன்?

2. சர்ச்சிலின் ஆய்வுக்கும் ஸ்மித்தின் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. புளோரைடு மிகுந்த நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை என்பதை விளக்குக.

4. வீட்டிலுள்ள பெரியவர்கள் எட்டு வயது வரை எவ்வூரில் வாழ்ந்தனர், எந்நீரைப் பருகினர் என்பதைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.