பி செல் சோதனையில் இறங்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்

கூலிமிலிருந்து செமிலிங்கின் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் பினாங்குக்கும் உயிரியல் படிக்கப் போகிறீர்கள். எலியின் பி செல்களை அகற்றும் சோதனை வந்தால், “எந்த நிறுவனத்து ஆன்டிபாடி வாங்கலாம்?” என்பதே உங்கள் முதல் கேள்வி. அதற்கு முன் அந்த ஆன்டிபாடி எந்தத் துணைவகை என்று கேளுங்கள், தம்பி. அங்கேதான் சோதனையின் உயிர் இருக்கிறது.

1. ஆன்டிபாடியின் இரு கைகள் பி செல்லின் மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றும். துணைவகையைத் தீர்மானிப்பது அதன் அடித்தண்டு. தோட்டத்தில் வெட்டவேண்டிய மரத்துக்குச் சாயக்குறி போடுவதில்லையா? குறி மரத்தைச் சாய்க்காது, குறியறிந்து வரும் ஆள்தான் சாய்ப்பான். இங்கே அந்த ஆள் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டெடர் குழு 2004இல் இதைக் காட்டியது. செல்லைத் துளைத்துக் கொல்லவல்ல காம்ப்ளிமென்ட் புரதங்கள் இல்லாத எலியிலும் பி செல்கள் அழிந்தன. மேக்ரோபேஜ்களை ஒழித்தபோது அழிவு வெகுவாகக் குறைந்தது.

2. அதே குழு 2006இல் ஒரே சிடி20 இலக்குக்கு ஐஜிஜி ஆன்டிபாடியின் வெவ்வேறு துணைவகைகளை ஒப்பிட்டது. பி செல்களை அழிப்பதில் ஐஜிஜி2ஏ, 2சி முன்னே நின்றன, ஐஜிஜி3 கடைசி. காரணம் மேக்ரோபேஜின் ஏற்பிகளில் இருக்கிறது. சில ஏற்பிகள் விழுங்கத் தூண்டும், ஒன்று தடுக்கும். ஐஜிஜி2ஏ தூண்டும் ஏற்பிகளை வலுவாகப் பற்றும். ஐஜிஜி1 தடுக்கும் ஏற்பியோடு அதிகம் ஒட்டும். நிம்மர்யானும் ராவெட்சும் 2005இல் இந்தத் தூண்டல்-தடுப்பு விகிதத்தை அளந்து வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்காமல் ஊசியை எடுக்காதீர்கள்.

3. துணைவகைப் பெயரிலுள்ள எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்ற சிடி20 ஆன்டிபாடி மருந்தின் அடித்தண்டு மனித ஐஜிஜி1, அது வலிமையானது. எலியின் ஐஜிஜி1 அதற்கு ஈடல்ல. வேலையில் மனித ஐஜிஜி1க்கு நெருங்கியது எலியின் ஐஜிஜி2ஏ. இன்னொன்று: ரிட்டுக்சிமாப் எலியின் சிடி20ஐ அடையாளம் காணாது. சாதாரண எலிக்கு எலி சிடி20க்கான ஆன்டிபாடி வேண்டும்.

4. உங்கள் கருப்பு எலி சி57பிஎல்/6 ஆக இருந்தால், அதன் மரபில் ஐஜிஜி2ஏ கிடையாது, அதற்குப் பதில் 2சி. ஐஜிஜியை அளவிடும் கிட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

5. ஒப்பீட்டு எலிகளுக்கு அதே துணைவகையைச் சேர்ந்த, சிடி20ஐப் பற்றாத ஆன்டிபாடியை அதே அளவில் கொடுங்கள். உப்பு நீர் போதாது.

6. இரத்தத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், தங்கச்சி. அங்கே பி செல்கள் வேகமாக மறையும். மண்ணீரலையும் நிணநீர்க்கணுவையும் வயிற்றறை நீரையும் பாருங்கள். வயிற்றறைப் பி செல்கள் பிடிவாதமானவை. பி செல்களை எண்ணும்போது சிடி20ஐத் தேடாதீர்கள், ஊசியில் போன ஆன்டிபாடி அதை மறைத்திருக்கும். சிடி19ஐயும் பி220ஐயும் தேடுங்கள். ஒவ்வொரு எலியும் ஓர் உயிர், அதனிடமிருந்து பெற வேண்டிய பதில் முழுவதையும் பெற்றுவிடுங்கள்.

7. பி செல் போன பின்னும் இரத்தத்தில் ஐஜிஜி அளவு குறையாமல் நிற்கலாம். ஐஜிஜியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லின் மேல் சிடி20 இல்லை. அதை மேக்ரோபேஜ் தேடி வராது.