வேலியே பயிரை மேய்ந்தால்: ஆர்.என்.ஏ. மருத்துவம்

நோயெதிர்ப்பு ஆற்றல் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவு நன்று என்றே நம்மிற் பெற்றோர் பலர் எண்ணுகிறோம். 1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இவ்வெண்ணத்தைச் சற்று அசைக்கிறது. குழந்தைகளையும் முதியோரையுமே பெரிதும் வாட்டும் அக்காய்ச்சலில், அவ்வாண்டு இருபது முதல் நாற்பது வயது வரையிலான திடமானோரும் பெருந்தொகையில் மாண்டனர். அவர்தம் எதிர்ப்பாற்றலே அளவு மீறி அவர்களைத் தாக்கியிருக்கலாம் என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று.

வைரசு நுரையீரலுட் புகுந்ததும் அங்குள்ள உயிரணுக்கள் சைட்டோகைன் எனும் புரதங்களை வெளியிட்டு, வெள்ளையணுக்களை உதவிக்கு அழைக்கின்றன. அழைப்பு அளவோடு நின்றால் நோய் தீரும். நில்லாது பெருகினாலோ, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுச் சிற்றறைகளை நிரப்பும், மூச்சு முட்டும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

2020இல் பிரித்தானியாவில் கோவிட் நோயாளரிடையே நடைபெற்ற ரிக்கவரி ஆய்வு, டெக்சாமெதசோன் எனும் பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டியது. ஒட்சிசன் தேவைப்படாதோருக்கோ அதனால் நன்மை விளையவில்லை. அம்மருந்து எதிர்ப்பாற்றலைப் பரவலாக அடக்குவது. தீங்கு செய்யும் புரதத்தை மட்டும் தனியே நிறுத்த இயலுமா?

மாணவர்களே, உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ.யை ஒரு மூலநூலாகக் கொள்வோம். அதில் வேண்டிய பகுதியைப் படியெடுத்து வரும் ஓலையே தூது ஆர்.என்.ஏ. அவ்வோலையின்படியே புரதம் ஆக்கப்படும். 1998இல் ஆண்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ எனும் அமெரிக்க அறிஞர்கள், தசை இயக்கத்திற்குரிய ஓர் ஓலைக்கு ஒத்த ஈரிழை ஆர்.என்.ஏ.யைச் சிறு புழுவினுட் செலுத்தினர். புழு துடிதுடித்தது, ஓலை அழிந்திருந்தது! 2006இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள துண்டே போதும். இன்டர்லூக்கின்-6 போன்றதொரு சைட்டோகைனின் ஓலையை மட்டும் தேடி அழிக்க வழியுண்டு.

ஆயினும் மருந்தை உரிய இடத்திற் சேர்ப்பது எளிதன்று. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் எனும் இவ்வகை முதல் மருந்து, கொழுப்புத் துகள்களிற் பொதிந்து கல்லீரலுக்குச் செல்வது. நுரையீரலிலோ சளியும் துகள்களை விழுங்கும் அணுக்களும் வழிமறிக்கின்றன. மேலும், வைரசுகள் பல ஆர்.என்.ஏ.யால் ஆனவை. ஆதலின் உடல் அயல் ஆர்.என்.ஏ.யைக் கண்டதும் பகையென ஐயுற்று, எதை அடக்க முயல்கிறோமோ அந்தச் சைட்டோகைன்களையே சுரக்கக்கூடும். எழுத்துகளைச் சற்று மாற்றியமைத்தால் இவ்வையம் தணியும் என்பதைக் கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் 2005இல் தூது ஆர்.என்.ஏ.யில் காட்டினர். கோவிட் தடுப்பூசிக்கு வழிவகுத்ததும் அதுவே.

கடுமையான வைரசு நிமோனியாவில் இவ்வழற்சியை அடக்கவென ஒப்புதல் பெற்ற ஆர்.என்.ஏ. மருந்து இன்னும் இல்லை. அது கிடைத்தாலும் காலமறிந்து கொடுத்தல் வேண்டும். முந்திக் கொடுத்தால் வைரசு தழைக்கும். பிந்தினால் நுரையீரல் அழிந்திருக்கும். கட்டிலருகே நிற்கும் மருத்துவர், அன்று நோயாளியை வருத்துவது வைரசா, வேலியா என்று முதலில் அறிய வேண்டியுள்ளது.