ஷட்டர் கவுண்ட்டை மட்டும் நம்பி கேமரா வாங்கலாமா?

ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் கல்யாண வேலை பார்க்கும் போட்டோகிராபர்களுக்கு, பழைய பாடியைக் கொடுத்துவிட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைப்பது அப்போதுதான். நிக்கான் டி7200, கேனான் 80டி போன்ற நடுத்தர டிஎஸ்எல்ஆர்கள் அப்படித்தான் கைமாறுகின்றன. தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. கடன் வாங்கிப் புரட்டிய பணம் வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை ஓடிய எண்ணிக்கை, குறைவாக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

உண்மை: டி7200-இன் ஷட்டரை நிக்கான் 1,50,000 முறை ஓட்டிச் சோதித்திருக்கிறது. 80டி-க்கு கேனான் சொல்லும் கணக்கு 1,00,000. இவை காலாவதித் தேதி அல்ல. அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு, முன்பே நிற்பதும் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம் என்று வைத்தாலே 40 கல்யாணத்தில் ஒரு லட்சம் வந்துவிடும். அப்படியிருக்க, மூன்று வருடம் கல்யாண வேலை பார்த்த கேமரா 15,000 காட்டினால் அது எப்படி என்று கேட்க வேண்டும். வீடியோவுக்கே ஓடிய கேமராவாக இருக்கலாம். வீடியோ எடுக்கும்போது ஷட்டர் திறந்தபடியே நிற்பதால் எண்ணிக்கை ஏறாது. சென்சார் மட்டும் மணிக்கணக்கில் சூடாகும். நம்மூரில் பழைய லாரி வாங்குகிறவர் கிலோமீட்டரோடு விடுவதில்லை, என்ன லோடு ஏற்றியது, எந்த ரூட்டில் ஓடியது என்றெல்லாம் விசாரிப்பார். கேமராவுக்கும் அந்த விசாரணை வேண்டும்.

சென்சாரைச் சோதிப்பது எளிது. லென்ஸ் மூடியைப் போட்டு, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து, ஐஎஸ்ஓ 1600-இல் ஐந்து நொடிப் படம் ஒன்று எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கருப்புக்கு நடுவே சிவப்பு, நீலம், வெள்ளை என்று ஓரிரு புள்ளிகள் தெரியலாம். பழைய கேமராவில் அது சகஜம். கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: படத்தின் பெயரில் 3200 என்று இருந்தால், எடுத்ததே அவ்வளவுதான் என்பார்கள். அந்த எண் 9999-க்குப் பிறகு மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். நிக்கானில் உண்மையான எண்ணிக்கை ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் பதிவாகியிருக்கும். 80டி அப்படிப் பதிவதில்லை. கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் மென்பொருள் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: மெகாபிக்சல் கூடுதலாக இருந்தால்தான் ஆல்பம் நன்றாக வரும்.

உண்மை: 12×36 ஆல்பத்தில் பாதி விரிப்பு, அதாவது 12×18 அங்குலத்தை, ஒரே படத்தால் நிரப்ப அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 3600×5400 தேவை. சுமார் 19 மெகாபிக்சல். 2013-இல் வந்த கேனான் 70டி-யே 20.2 தருகிறது. மிச்சப்படும் பணத்தை நல்ல லென்ஸில் போடுங்கள். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கைகொடுப்பது எஃப்1.8 லென்ஸ்தான்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. நிக்கான் 50 எம்எம் எஃப்1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். டி7000 வரிசையில் பாடிக்குள்ளேயே ஃபோக்கஸ் மோட்டார் இருப்பதால் அது தானாக ஃபோக்கஸ் ஆகும். டி3000, டி5000 வரிசைகளில் ஆகாது.

வியூஃபைண்டரில் தூசி தெரிகிறதே என்று நல்ல கேமராவை விட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது படத்தில் விழாது. சென்சார் தூசியைப் பார்க்க எஃப்16 வைத்து வானத்தை எடுத்தால் போதும்.

நம்பிக்கை: வெயிலில் வைத்தால் பங்கஸ் போய்விடும்.

உண்மை: பூஞ்சை செத்தாலும் லென்ஸ் கோட்டிங்கை அரித்த தடம் அப்படியேதான் இருக்கும். கொல்லிமலை மூடுபனியில் படமெடுத்து, ஈரத்தோடு பையில் மூடிவைத்தால் அது வளர இடம் கொடுத்ததாகிவிடும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். நூல்நூலாகக் கிளைத்த இழை தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம்.

பில் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வார் என்று கூச்சப்படாதீர்கள். பாடியின் அடியிலுள்ள சீரியல் நம்பரும் பில்லிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கியவர்மீதும் பாயும். பில் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரின் அடையாள அட்டை நகலோடு, சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு அவர் கையெழுத்தில் ஒரு ரசீது வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.